கொட்டகையில் நின்ற கார் இழுக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்றைக்கும் ஒரு அம்பாசிடரோ பத்மினியோ பழைய மாருதி 800-ஓ துணி போர்த்தி நிற்கும். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கோ வீடு திறக்கும்போதுதான் அதற்கும் திறப்பு. செல்ஃப் அடித்தால் எப்படியோ கிளம்பிவிடும். ஆனால் இழுவை இருக்காது; மிஸ் அடிக்கும்; குன்றக்குடி தாண்டுவதற்குள் நின்றுபோகும்.

இந்தப் பக்கத்துக் கார்களில் ஓடித் தேய்ந்தவை குறைவு, நின்று கெட்டவையே அதிகம். அதனால் கோளாறு தேடும் வரிசையும் மாறுகிறது. தினமும் ஓடும் வண்டியில் ரிங், வால்வு என்று யோசிக்கலாம். நின்ற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை பாயிண்டில் (ஸ்பார்க்குக்கான கரண்டைத் திறந்து மூடும் இரு முனைகள்) படிந்த படலம், கெட்டுப்போன பெட்ரோல், எலி கடித்த வயர், ஒட்டிக்கொண்ட பிரேக் ஆகிய நான்கும்தான். கார்பரேட்டர் ஸ்க்ரூவில் கை வைப்பது கடைசி வேலை. பலரும் அதைத்தான் முதலில் திருகுகிறார்கள். உண்மையான கோளாறு அப்படியே இருக்க, சரியாக இருந்த ஒன்றும் கெட்டு, இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டியதாகிறது.

இங்கே சொல்வது 1489 சிசி அம்பாசிடர் பெட்ரோல், 1089 சிசி பத்மினி, கார்பரேட்டர் உள்ள 796 சிசி மாருதி 800 மூன்றுக்கும் பொருந்தும். இன்ஜெக்ஷன் வண்டிக்கும் டீசலுக்கும் பொருந்தாது.

தேவையான சாமான்கள்: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பு ஒன்று இரண்டு வயரோடு, கண்ணாடி பாட்டில், நைஸ் எமரித்தாள், பெட்ரோல் குழாய் ஒரு மீட்டர். காரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய இடத்தில் புகை ஆளைக் கொல்லும். ஃபேன் பெல்ட் பக்கம் குனியும்முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால்

நேரே செல்ஃப் அடிக்க வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள், ஸ்பார்க்குக்கான கரண்டை உண்டாக்கும் காயிலின் நடு வயரை உருவி, அதன் உலோக முனை பாடியில் படும்படி எர்த் செய்துவிட்டு, பிளக் இல்லாமலேயே பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். எர்த் செய்யாமல் அடித்தால் காயில் கெடலாம், தெறிக்கும் ஸ்பார்க்கில் பெட்ரோல் ஆவி பற்றவும் கூடும். பிளக் துளை வழியே ஆயில் பீய்ச்சும், முகத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுரீரென்று ஏறும். கெட்டது வார்னிஷ் வாடை அடிக்கும், நிறமும் கறுத்திருக்கும். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அந்த அடியில்தான். இப்படிப்பட்ட பெட்ரோலில் புதியதை ஊற்றிக் கலந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள், முழுக்க இறக்கிவிடுங்கள். அப்படியே ரப்பர் குழாய்களையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும், உள்ளே உரிந்து துணுக்காக வரும். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். பெட்ரோல் ஒழுகி சூடான எக்ஸாஸ்டில் விழுந்தால் வண்டியே மிஞ்சாது.

ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். காரைத் துணியால் மூடுகிறவர்கள் அந்தத் துளையை மூட மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, வண்டி மட்டும் இழுக்கவில்லை

இதில் இன்ஜினுக்குப் பங்கே இல்லாமல் இருக்கலாம். சமதரையில் நியூட்ரலில் ஓர் ஆள் தள்ளிப் பாருங்கள். நகரச் சிரமப்பட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கர நடுவே புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எந்தச் சக்கரம் என்று சூடே சொல்லிவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தியதால் பின் டிரம்மில் லைனிங் ஒட்டியிருக்கும், அல்லது கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அடுத்த முறை நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடுங்கள்.

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் தெரிந்துவிடும்.

இரண்டும் இல்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரைப் பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லி, கார்பரேட்டரில் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்தோ, புதிதாகப் போட்ட கால்மிதி தடித்தோ, பாதிதான் திறக்கும். செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை.

ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். இங்குள்ள செம்மண் தூசி நைஸானது, ஃபில்டர் மடிப்புகளை மாவு போல அடைத்துவிடும். தட்டிப் பார்த்துப் போகவில்லையென்றால் மாற்றுங்கள். சில பழைய அம்பாசிடர்களில் ஆயில் ஊற்றும் ஏர் கிளீனர் இருக்கும். அதில் ஆயிலுக்குப் பதில் சேறுதான் இருக்கும், கழுவிப் புது ஆயில் விடுங்கள்.

இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, இன்ஜின் சீக்கிரம் சூடேறுகிறது

பாயிண்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், பட்டறை மொழியில் டெல்கோ, அதன் மூடியைக் கழற்றி ரோட்டரை உருவினால் கீழே தெரியும். பாயிண்டின் ஃபைபர் கால் கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் தாமதமாக விழும். பிஸ்டன் இறங்க ஆரம்பித்த பிறகு எரியும் பெட்ரோலின் சக்தி, இழுவையாக மாறாமல் எக்ஸாஸ்டுக்கும் ரேடியேட்டருக்கும் சூடாகப் போய்விடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தும் சூடு குறையாத வண்டிகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

ஃபைபர் கால் கேமின் உச்சியில் நிற்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். டாப் கியரில் போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளினால் சுலபமாகச் சுற்றும். அந்த நிலையில் இடைவெளி 0.4 மி.மீ. இருக்க வேண்டும். 0.4 ஃபீலர் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், 0.5 போகக் கூடாது. ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் விழுந்திருந்தால் ஃபீலர் பொய் சொல்லும். எமரித்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள் அல்லது புதுப் பாயிண்ட் போடுங்கள். முனைகள் நீலம் பாய்ந்து கருகியிருந்தால், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். அதை விட்டுவிட்டால் புதுப் பாயிண்டும் சீக்கிரமே கருகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்ற வண்டியில் குழி, மேடு எதுவும் தெரியாது, ஆனால் முனைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். ஸ்பார்க் வராமல் போக அது போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்துப் பெட்ரோலில் தோய்த்து, முனைகளுக்கு நடுவே விட்டு இழுங்கள். பிறகு உலர்ந்த அட்டையால் ஒரு தடவை. பட்டறைக்குத் தள்ளிப்போக ஆள் கூப்பிடும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும், ஆகவே அதையும் சரிபார்த்தே ஆக வேண்டும். பல்பின் ஒரு வயரை காயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் மெல்லிய வயர் முனையிலும் மற்றதை பாடியிலும் மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து, இன்ஜினைச் சுற்றும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். பல்பு எரியத் தொடங்கும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். அப்போது புல்லியில் உள்ள குறி, அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் டெல்கோவின் போல்ட்டைத் தளர்த்தி உடம்பைத் திருப்புங்கள். ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் ஸ்பார்க் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். ஒரு தடவைக்கு ஒரு நூல் அளவு போதும். ஏற்றத்தில் டாப் கியரில் மிதிக்கும்போது சில்லறை குலுக்குகிற மாதிரிச் சத்தம் கேட்டால் அதிகம் முந்திவிட்டது. வேலை முடிந்ததும் சாவியை ஆஃப் செய்ய மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனில் கிடந்தால் காயில் வெந்துவிடும்.

கையோடு இன்னும் இரண்டு பார்க்கலாம். ரோட்டரை விரலால் அது சுழலும் திசையில் திருப்பி விடுங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் அடியில் உள்ள எடைகள் இறுகியிருக்கின்றன, இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். டெல்கோ பக்கவாட்டில் வரும் வாக்யூம் குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் மூடுங்கள். பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று ஒழுகினால் உள்ளே உள்ள டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மிஸ் அடிக்கிறது

எந்தச் சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இன்ஜின் ஓடும்போது ரப்பர் பிடியுள்ள பிளையரால் ஒவ்வொரு பிளக் வயராக உருவி உடனே மாட்டுங்கள். உருவியதும் சத்தம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் படுத்திருக்கிறது. அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் பிளக்கை மாற்றினால் போதும். மாறாவிட்டால் வயர், டெல்கோ மூடி, கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்).

பிளக் இடைவெளி அம்பாசிடரில் 0.6 மி.மீ. ஒட்டி, மாருதி 800-இல் 0.7 முதல் 0.8 வரை. வரிசை தப்பாமல் வயரை மாட்டுங்கள்: நான்கு சிலிண்டர் வண்டி இரண்டிலும் 1-3-4-2, மாருதியில் 1-3-2. கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் வம்பில்லை.

வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று அடிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாது. டெல்கோ மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போல ஒரு கறுப்பு வரி ஓடினால் அது விரிசல், அதன் வழியே ஸ்பார்க் ஓடுகிறது. சுரண்டிச் சமாளிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் இருட்டிய பிறகு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓட விடுங்கள். ஒழுகும் இடத்தில் நீல ஒளி நூலாகத் தெரியும்.

எல்லாப் பிளக்கும் ஒன்றுபோல் பலவீனமாக ஸ்பார்க் அடித்தால் பேட்டரிக்குப் போங்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் ஸ்பார்க்குக்கு மிச்சம் இருக்காது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றித் தேயுங்கள். அது துருப்பிடித்தால் செல்ஃபுக்கான கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து கேபிள் சுடும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. பேட்டரி முனையில் பச்சைப் பூ பூத்த கார்களும் அதே ஊரில்தான் ஓடுகின்றன. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாசலின் தடவுவது ஐந்து நிமிட வேலை.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நன்றாகப் போய், பிறகு திணறி நிற்கிறது

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி தூரம்தான் இது. நின்ற இடத்தில் அடுத்த இரண்டு நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறவிட்டுக் கிளம்பினால் தடயம் போய்விடும்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்கும் இடத்துக்குக் காற்று வராமல் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் நிற்கிறது. துளையை ஊசியால் குத்திவிடுங்கள்.

காற்றுச் சத்தம் இல்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் வரவில்லை: சூட்டில் காயிலோ கண்டென்சரோ படுத்துவிட்டது. காயில் கை வைக்க முடியாத அளவு சுட்டால் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் காயிலை மாற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சித்திரை வெயிலில் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி அடைத்திருக்கும். பட்டறையில் இதை ஏர் லாக் என்பார்கள். ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டு ஆற விடுங்கள். அடிக்கடி நடந்தால் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டுங்கள்.

வேகமாகப் போகும்போது மட்டும் நின்று, ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பினால் டேங்கில் துரு. பாதி டேங்கோடு நின்ற வண்டியில் மேல் பாதி உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பொருக்குகள் உறிஞ்சும் வாயில் வந்து அப்பிக்கொள்ளும், இன்ஜின் நின்றதும் கீழே விழுந்துவிடும். ஃபில்டரை மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். டேங்கைக் கழற்றிக் கழுவினால்தான் தீரும்.

பம்ப் சோதனை வீட்டில் செய்யலாம், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு. கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, காயில் வயரை எர்த் செய்து, செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் தடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். குமிழியோடு வந்தால் டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது.

வண்டியை நிறுத்தி டீ குடித்து வந்தபின் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் இது வேறு சங்கதி. கார்பரேட்டர் சூட்டில் பெட்ரோல் பொங்கி இன்ஜினுக்குள் வழிந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அழுத்தி அழுத்தி விட்டால் இன்னும் வழியும்.

ரேஸ் கொடுத்ததும் ஒரு விக்கல்

இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் சட்டென்று திறங்கள். பெட்ரோல் நூலாகப் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் ஆக்சிலேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் காய்ந்திருக்கும் அல்லது அதன் ஜெட் அடைத்திருக்கும். ஜெட்டைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அதற்கப்புறம் அந்த வண்டி பெட்ரோல் குடிப்பதை யாராலும் நிறுத்த முடியாது. எஸ்யூ கார்பரேட்டர் உள்ள பழைய அம்பாசிடரில் இந்தப் பம்ப் கிடையாது. மேலே உள்ள குமிழைக் கழற்றி, உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றினாலும் இதே விக்கல்தான்.

ஸ்லோவில் நிற்கவில்லை (ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் அணைகிறது)

கார்பரேட்டர் அடி, மேனிஃபோல்டு இணைப்பு, வாக்யூம் குழாய்கள் மீது ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளியுங்கள், டெல்கோ பக்கம் படாமல். எங்கே பட்டதும் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று இழுக்கிறது. கார்பரேட்டர் கிளீனர் தெளித்தும் பார்க்கலாம்தான், சூடான இன்ஜினில் பற்றிக்கொள்ளும், தண்ணீரே போதும். ஒழுகல் இல்லையென்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஊதுங்கள். கெட்ட பெட்ரோலின் பிசின் முதலில் அடைப்பது இந்தச் சின்னத் துளையைத்தான். இதற்குப் பிறகே மிக்ஸர் ஸ்க்ரூ: மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் திறக்காமல் மாட்டியிருக்கிறது, ஃபில்டர் அடைத்திருக்கிறது, ஃப்ளோட்டில் ஓட்டை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் வரும் வெள்ளை ஆவி சும்மா ஈரம். சூடான பிறகும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட், அதற்குமேல் ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புப் படியும். முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரை வடிகட்டி, கூலண்டோடு கலந்து ஊற்றலாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் இழுவை இல்லை

ஸ்லோவில் ஓடும்போது சைலன்சர் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ளாமல் அவ்வப்போது உள்ளே இழுத்தால் வால்வு சரியாக மூடவில்லை. அம்பாசிடரில் டேப்பட் இடைவெளி 0.38 மி.மீ. சரிபார்க்க ஒன்பதுக் கணக்கு: வால்வுகளை முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டு, எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் செட் செய்யுங்கள், ஏழு திறந்திருக்கும்போது இரண்டு, இப்படியே கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி. டேப்பட் சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைத்த வண்டியில்தான் வால்வு வெந்துபோகும். கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்.

கடைசியாகக் கம்ப்ரஷன் கேஜ். எல்லாப் பிளக்கும் கழற்றி, காயிலை எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு அளந்து எழுதுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 பிஎஸ்ஐ-க்கு மேல் குறைந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். இந்த மூன்றில் எதுவானாலும் அளவு எழுதிய தாளோடு பட்டறைக்குப் போங்கள்; என்ன வேலை என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வண்டி சரியானபின், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறாது. ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும், பிளக்கில் கரி படியும், பேட்டரி இறங்கும். ஓட்டத் தெரிந்தவர் என்றால் இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டட்டும். இல்லையென்றால் டேங்கை நிரப்பி, பேட்டரி வயரைக் கழற்றி, சைலன்சர் வாயில் துணி அடைத்து, அது அடைத்திருப்பதை ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு எழுதித் தொங்கவிட்டுப் போங்கள்.